விடுதலைப் பத்திரம்

தமிழில் ‘விடுதலை’ என்ற சொல்லுக்குள்ள கம்பீரம் வேறு எந்தச் சொல்லுக்கு இருக்கிறது? அதை உச்சரிக்கும்போதே மனிதன் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறான். தூத்துக்குடிக்காரர்களுக்கோ அந்தச் சொல்லின் மேல் தனிப் பாத்தியதையே உண்டு. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் அந்தத் துறைமுகத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், அதன் பலனாகச் சிறைக்குப் போய்ச் செக்கிழுத்ததும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

அதே சொல் அதே ஊரில் இன்னோர் இடத்திலும் புழங்குகிறது. அது பத்திரப் பதிவு அலுவலகம். தகப்பனார் காலமான பின், அவர் சொத்தில் தனக்குள்ள பங்கு வேண்டாம் என்று ஒரு பெண் தன் உடன்பிறந்தானுக்கு எழுதிக் கொடுக்கிறாள் அல்லவா? அந்தக் காகிதத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். பாத்தியதையை விட்டுவிடுவதால் விடுதலை. சட்ட பாஷையில் அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சொற்கள் அவ்வளவு சுலபமாகக் காதைக் கடந்து போய்விடுவதில்லை. யாருக்கு விடுதலை? எதிலிருந்து விடுதலை? சில வருஷங்களாக இந்தக் கேள்வி என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் எத்தனையோ சகோதரிகள் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். எத்தனையோ சகோதரர்கள் அதை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். ஆகவே உங்களையும் சேர்த்துக்கொண்டு யோசிப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு நாவலுக்காக அந்தக் கரையோர ஊர்களில் சில நாள் சுற்றிக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவருடன் பதிவு அலுவலகம் ஒன்றுக்குப் போக நேர்ந்தது. வேப்பமரத்தடிப் பெஞ்சில் எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் காத்திருந்தது. ஓர் அண்ணன், அவன் மனைவி, இரண்டு தங்கைகள். கடல் தொழில் செய்கிற கிறிஸ்தவக் குடும்பம். தகப்பனார் இறந்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

அந்த அண்ணனை வில்லனாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தங்கைகள் மேல் வெயில் படுகிறதென்று அவனே பெஞ்சை நிழலுக்கு இழுத்துப் போட்டான். டீ வாங்கி வந்தான். இளையவளுக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல் தனியாகச் சொல்லி வாங்கி வந்தான். அவளுக்குச் சர்க்கரை வியாதி என்பது அவனுக்கு ஞாபகம் இருந்தது. உள்ளே அதிகாரி, “சம்மதத்தோடதானம்மா எழுதிக் குடுக்கிய?” என்று கேட்டார். “எங்க அண்ணனுக்குத்தான சார்” என்றாள் மூத்தவள். கையெழுத்து, விரல் ரேகை, புகைப்படம் எல்லாம் முடிந்து வெளியே வந்தார்கள். படி இறங்கும்போது இளையவள் தன் அண்ணியின் பக்கம் திரும்பி, “மதினி, மாதா கோயில் திருநாளுக்கு நாங்க எப்பவும்போல நம்ம வீட்டுக்கே வந்திருவோம், என்ன?” என்றாள்.

“இது என்னட்டி கேள்வி? வராம வேற எங்க போவிய?” என்றாள் அண்ணி. உண்மையான பிரியத்தோடுதான் சொன்னாள்.

பிரியத்தில் குறைவில்லை. ஆனால் கேள்வி எங்கிருந்து வந்தது? நாற்பது நாற்பத்தைந்து வருஷமாக அந்த வீட்டுக்குள் உத்தரவு கேட்காமல் நுழைந்தவள் அவள். பத்திரம் பதிவாகிப் பத்து நிமிஷம் ஆவதற்குள் உத்தரவு கேட்கிறாள். தான் என்ன கொடுத்தோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. எதை வாங்கிக்கொள்வதற்காகக் கொடுத்தோம் என்பதும் தெரிந்திருந்தது. அவள் தன் பங்கைக் கொடுத்துப் பிறந்த வீட்டை வாங்கிக்கொண்டாள். வாங்கின சரக்கு கைக்கு வந்து சேர்ந்ததா என்று உடனே விசாரிக்கிறாள், அவ்வளவுதான்.

இதிலே ஒரு விசேஷம். அந்தச் சகோதரிகளின் பங்கு நேற்று முளைத்த உரிமை இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1865-லேயே வந்த வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் மகனையும் மகளையும் சமமாகவே பார்த்தது. 1925-ஆம் வருஷத்துச் சட்டமும் அதையே தொடர்ந்தது. ஆக, திருநெல்வேலிச் சீமையின் கடற்கரையில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்குத் தகப்பன் சொத்தில் சகோதரனுக்குச் சமமான பங்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இருந்தும் வேப்பமரத்தடியில் அந்தப் பெஞ்சு காலியாவதில்லை. சட்டத்தின் வயது கூடக் கூட வழக்கம் தானே மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு கணக்கை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் குற்றம் அண்ணன்மார் நெஞ்சில் ஈரம் இல்லாததா? அதுவும் சரியில்லை. முத்துக் குளிப்பு நடந்த காலத்தைப் பற்றி அந்தக் கரையில் ஒன்று சொல்வார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவனின் உயிர், மேலே தோணியில் கயிறு பிடிக்கிறவன் கையில் இருக்கிறது. கீழிருந்து கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். கண நேரம் கவனம் பிசகினால் ஆள் மிஞ்சமாட்டான். அந்தக் கயிற்றை யாரிடம் நம்பிக் கொடுப்பது? மைத்துனனிடம். மனைவியின் உடன்பிறந்தான் ஒருவன்தான் தன் தங்கையின் தாலியை நினைத்து, கண் இமைக்காமல் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்பது அவர்கள் சொல்லும் காரணம். தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு 1961-ல் நடந்தது. கயிறு போயிற்று, கதை நிற்கிறது. உடன்பிறந்தவள்மேல் தமிழன் வைத்திருக்கிற பாசத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அவ்வளவு பாசமுள்ளவன் தங்கையின் பங்கை எப்படிக் கூசாமல் வாங்கிக்கொள்கிறான்? இங்கேதான் விஷயம் நுணுக்கமாகிறது. அவன் அதை அவளுடைய பங்கு என்று நினைப்பதே இல்லை. ஓர் உதாரணம் பாருங்கள். அண்ணன் ஒருவன் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டால் ஊர் என்ன சொல்கிறது? “பெரிய மனுஷன், தியாகி” என்று தலைமுறைக்கும் பேசுகிறது. அதே காரியத்தைத் தங்கை செய்தால் யாரும் நாலு வார்த்தை பேசுவதில்லை. அவள் செய்ய வேண்டியதைச் செய்தாள் என்று போய்விடுகிறார்கள். தன்னுடையதைக் கொடுக்கிறவனைத்தான் உலகம் பாராட்டும். கையில் தவறுதலாக வந்துவிட்ட பிறத்தியார் பொருளைத் திருப்பிக் கொடுப்பவளைப் பாராட்டுவதற்கு என்ன இருக்கிறது? சட்டம் அவளுக்குக் கொடுத்ததை வழக்கம் அந்த மாதிரித் தவறுதலாகவே கருதுகிறது.

“அவள் மனமொப்பித்தானே கொடுக்கிறாள்? அன்பாகக் கொடுப்பதைக் குற்றம் சொல்ல நீர் யார்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்பினால் விட்டுக்கொடுப்பது மனித சுபாவத்தில் மிக உயர்ந்த காரியங்களில் ஒன்று. அதைக் கோர்ட்டுக் கணக்குப் புத்தகத்தால் அளக்க நான் விரும்பவில்லை. ஆனால் கொடை கொடையாக இருக்க வேண்டுமானால், ‘இல்லை’ என்று சொல்லவும் கொடுக்கிறவருக்கு இடமிருக்க வேண்டும். கர்ணன் கவசத்தை அறுத்துக் கொடுத்ததில் பெருமை இருக்கிறதென்றால், மாட்டேன் என்று அவன் சொல்லியிருக்க முடியும் என்பதால்தான் இருக்கிறது.

அந்த இளைய தங்கை, “எனக்கு என் பங்கு வேண்டும் அண்ணே” என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சட்டப்படி அவளுக்கு ஒரு துரும்பும் நஷ்டமில்லை. ஆனால் தெருவில் ‘கூடப் பிறந்தவனைப் பங்குக்கு இழுத்தவள்’ என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அவள் மகளின் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். திருநாளுக்கு அவள் எங்கே இறங்குவாள்? கணவன் கை நீட்டி அடித்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவாள்? பெண்ணுக்குப் பிறந்த வீடு என்பது, அவள் போகாமலே இருந்தாலும், போக ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியம். பங்கைக் கேட்டால் அந்தத் தைரியம் போய்விடும். பங்கைக் கொடுத்தால் அது ஒருவேளை நிற்கும். இத்தனை பெரிய பயத்தை ஒரு தட்டில் வைத்துவிட்டு, மறு தட்டில் அவள் வைக்கும் கையெழுத்துக்குச் ‘சம்மதம்’ என்று பெயர் சூட்டுவது சரியா? அதில் அன்பும் இருக்கலாம். எவ்வளவு அன்பு, எவ்வளவு பயம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. அதுதான் இதில் உள்ள கொடுமை. அவளுடைய அன்பைக்கூட அவள் சுத்தமாகக் கொடுக்க முடியாதபடி நாம் செய்து வைத்திருக்கிறோம்.

இந்தப் பங்குக்காக நடந்த போராட்டம் சாமான்யமானது அல்ல. செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937-ஆம் வருஷச் சட்டம் இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் ஆயுட்காலத்துக்கு மட்டும் ஒரு பாத்தியதை கொடுத்தது. சுதந்திர இந்தியாவில் அம்பேத்கர் கொண்டுவந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா இழுத்தடிக்கப்பட்டது. 1951-ல் அவர் மந்திரி பதவியை விட்டு விலகியதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். கடைசியில் 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பனாரின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் சம பங்கு கிடைத்தது. விதவையின் ஆயுட்காலப் பாத்தியதை முழு உடைமையாயிற்று. ஆனால் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் பிறக்கும்போதே பங்காளியாகும் அந்தஸ்து பையனுக்கு மட்டுமே இருந்தது.

அந்தச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை அவள் பிரித்துக் கேட்கக் கூடாது. அங்கே வசிக்கும் உரிமையாவது உண்டா என்றால், கல்யாணமாகாதவளுக்கும், கணவன் கைவிட்டவளுக்கும், பிரிந்து வந்தவளுக்கும், விதவைக்கும் மட்டும் உண்டு. வாழ்க்கை உடைந்தால்தான் மகளுக்குப் பிறந்த வீட்டில் இடம் என்பதைச் சட்டமே எழுதி வைத்திருந்தது!

செங்கல்பட்டுத் தீர்மானத்துக்குச் சரியாக 60 வருஷம் கழித்து, 1989 மார்ச் 25 முதல், தமிழ்நாட்டுச் சட்டம் மகளையும் பிறப்பாலேயே பங்காளியாக்கியது. அதற்கு முன்பே மணமாகிவிட்டவர்கள் அதில் சேரவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் அகில இந்தியாவுக்குமாகச் சட்டம் திருத்தப்பட்டது. மணமானவர், மணமாகாதவர் என்ற பேதம் போயிற்று. 23-ஆம் பிரிவும் தொலைந்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று கிளம்பிய சந்தேகத்தையும், தேவையில்லை, மகளின் பாத்தியதை பிறப்பிலேயே வருவது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது.

கிறிஸ்தவப் பெண்களிலும் எல்லாருக்கும் ஒரே நியாயம் கிடைத்துவிடவில்லை. முத்துக் கரை முடிகிற கன்னியாகுமரி 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கே 1916-ல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், விலக்குப் பெற்ற சில பிரிவினர் நீங்கலாக, மகளுக்கு மகனுடைய பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது போதும் என்றது. அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாமற் போய்விட்டது என்று உச்ச நீதிமன்றம் 1986-ல் சொன்னது கோட்டயத்து மேரி ராய் தொடுத்த வழக்கில்தான். தீர்ப்பு வந்த பிறகும் தம் பங்கைக் கையில் வாங்க அவர் பல வருஷம் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது.

இன்னும் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் இல்லை. குழந்தையோ கணவனோ இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவளே சம்பாதித்த சொத்தானாலும், அவளைப் பெற்றவர்களுக்கு முன்னால் கணவனின் வாரிசுகள் வந்து நிற்கிறார்கள். கல்யாணமான மூன்று மாதத்தில் கணவனை இழந்து, புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்டு, பிறந்த வீட்டில் இருந்து படித்து வேலை பார்த்துச் சேர்த்த ஒரு பெண்ணின் பணம் முழுவதும் அந்தக் கணவனின் உறவினர்களுக்கே போகும் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. சட்டம் அப்படி இருக்கிறது. நீதிபதிகள் என்ன செய்வார்கள்?

பிற நாடுகளும் இதே பாதையில்தான் நடந்திருக்கின்றன. 1994-ல் நடந்த பெருங்கொலைக்குப் பிறகு விதவைகளும் அநாதைப் பெண்களும் நிறைந்துபோன ருவாண்டா, 1999-ல் சட்டம் போட்டு மகளுக்கும் மகனுக்கும் சமமான வாரிசுரிமை கொடுத்தது.

ஆக, குறைகள் சில மிஞ்சினாலும், சட்டம் நடக்க வேண்டிய தூரத்தில் பெரும்பகுதியை நடந்துவிட்டது. ஆனால் இந்தியாவில் 2015-16-ல் எடுத்த விவசாயக் கணக்கின்படி, நிலத்தை வைத்துச் சாகுபடியை நடத்துகிறவர்களில் பெண்கள் 100-க்கு சுமார் 14 பேர்தான். சட்டம் பாதி என்கிறது. நிலம் பதினாலு என்கிறது. நடுவில் எங்கோ மீதி கரைந்து போகிறது. அது கரைகிற இடங்களில் ஒன்று அந்த வேப்பமரத்தடிப் பெஞ்சு.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. “சீதனம் கொடுத்துத்தானே அனுப்பினோம்?” என்பது முதலாவது. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். ஒரு குற்றத்தைச் செய்துவிட்டு, அதையே கடன் அடைத்த ரசீதாகக் காட்டுவது விநோதமான நியாயம். அது போகட்டும். அந்தப் பணமும் நகையும் யார் கைக்குப் போயின? பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டார் கைக்கு. அண்ணன் தன் மைத்துனனுக்குக் கொடுத்ததைத் தங்கைக்குக் கொடுத்ததாகக் கணக்கு எழுதலாமா?

“பெற்றவர்களைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவது மகன்தானே?” என்பது இரண்டாவது. காப்பாற்றுகிற மகன்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் வசதியுள்ள மகளும், கல்யாணமானவளாக இருந்தாலும், பெற்றோருக்கு ஜீவனாம்சம் கொடுக்கக் கடமைப்பட்டவள் என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது. 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் மகனென்றும் மகளென்றும் வித்தியாசம் பார்க்கவில்லை. தவிரவும், ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் கண் விழித்து அப்பாவுக்கு வாய் துடைத்துவிட்டது யார் என்று எந்தக் குடும்பத்திலும் விசாரித்துப் பார்க்கலாம். கடமையைச் சமமாகச் செய்கிறவள் பாத்தியதை என்று வரும்போது மட்டும் விருந்தாளி ஆகிவிடுகிறாள்.

மூன்றாவது, “இதெல்லாம் சொத்துள்ளவர்கள் கவலை; உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவளுக்குப் பங்கு ஏது?” என்பது. தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலும் உப்பும் கண்ணைப் பறிக்க, உப்பு வாரிச் சுமக்கிற பெண்களைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய மாட்டார்கள். ஆனால் பதில் நேர்மாறானது. மாளிகையில் பங்கு கிடைக்காதவள் அதனால் பிச்சைக்காரி ஆவதில்லை. அவளுக்குப் புருஷன் வீட்டிலும் மாளிகை இருக்கும். இரண்டு சென்ட் மனையும் ஓர் ஓட்டு வீடும் உள்ள குடும்பத்தில், அந்த வீட்டில் பங்கில்லை என்று ஆனவள்தான் கணவன் விரட்டிய இரவில் தெருவில் நிற்கிறாள். ஏழைக்குத்தான் அரைச் சுவரின் அருமை தெரியும்.

இத்தனையும் யோசித்த பிறகு எனக்குப் பட்டது ஒன்று. பெண்ணுக்குப் பங்கு உண்டா என்ற கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. அந்தப் பங்கை அவள் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறதா என்பதே இன்று மிஞ்சியுள்ள கேள்வி. தான் மிகவும் நேசிக்கிறவர்களிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டிய உரிமை, கேட்ட மாத்திரத்தில் சண்டையாகிவிடுகிறது. கேட்காமலே வந்து சேர்ந்தால் சண்டைக்கு இடமே இல்லை.

கேட்காமல் வருகிற ஏற்பாடு சாத்தியமா என்றால், அதே கரையில் காயல்பட்டினத்தைப் பாருங்கள். அங்கே முஸ்லிம் குடும்பங்களில் பெண்ணுக்குக் கல்யாணமானால் வீடு அவளுக்கென்று கொடுக்கப்படுகிறது; மாப்பிள்ளைதான் மனைவி வீட்டுக்கு வந்து வாழ்கிறார். ஷரீஅத் கணக்கில் மகளுக்கு மகனுடைய பங்கில் பாதிதான். பெண்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் பாரம் தகப்பனையும் உடன்பிறந்தவர்களையும் அழுத்துவதும் உண்டு. ஆகவே இதைப் பூரண சமத்துவம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊர்ப் பெண், “திருநாளுக்கு வரலாமா?” என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, அவள் தன் வீட்டில்தான் இருக்கிறாள். 2004-ஆம் வருஷச் சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடலோரத்தில் சர்க்கார் கட்டிக் கொடுத்த வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பேரிலும் கொடுப்பது என்று முடிவாயிற்று. முதல் நாளே பெயர் எழுதியிருந்தால் பிறகு யார் போய் யாரைக் கேட்பது?

முத்துக் குளிப்பிலேயே ஒரு பாடம் உண்டு. அள்ளி வந்த சிப்பிகளைக் கரையில் மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளியாட்களுக்கு. அந்த விகிதம் நியாயமா என்பது வேறு விஷயம். மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் அந்தக் காலத்தில் பிரித்த முறையைப் பாருங்கள்: குவியல் போட்டவர்கள் குளியாட்கள், எந்தக் குவியல் அவர்களுடையது என்று காட்டியவர் அதிகாரி. எது தனக்கு வரும் என்று தெரியாதவன் ஒரு குவியலைக் கொழுக்க வைத்து மற்றதை இளைக்க வைக்க மாட்டான். நம் வீடுகளில் குவியல் போடுகிறவனும் எடுத்துக்கொள்கிறவனும் ஒருவனே. தங்கை வந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகிறாள்.

ஆகவே தகப்பன்மாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் காலத்திலேயே மகள் பெயரையும் சேர்த்து எழுதி வைத்துவிடுங்கள். அப்பா எழுதியதை மகள் வாங்கிக்கொண்டாள் என்றால் ஊருக்கு அவள்மேல் கோபம் வர வழியில்லை. உங்கள்மேல் வந்தாலும் நீங்கள் தாங்கிக்கொள்வீர்கள். துக்க வீட்டுப் பெரியவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். கண்ணீர் காய்வதற்கு முன் பத்திரப் பேச்சை எடுக்காதீர்கள். அப்பாவை இழந்த பெண் அந்த நாட்களில் அண்ணனையும் இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவாள். ஒரு வருஷம் போகட்டும்.

அண்ணன் தம்பிகளிடம் சொல்ல வேண்டியதைப் பிறத்தியாருக்கு உபதேசமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் ஒரு தங்கையோடு பிறந்தவன். எங்கள் வீட்டில் இன்னும் பாகம் பிரியவில்லை. பிரிகிற நாளில் மனம் எப்படி இருக்கும், மனை என்ன விலை போகும், வீட்டில் யார் யார் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? அந்த நாள் வருவதற்கு முன்பே நாலு பேர் படிக்கும்படி இதை அச்சில் ஏற்றிவிடுகிறேன். அவள் கேட்பதற்கு முன்னால் அவள் பங்கை அவள் பேருக்குப் பதிவு செய்து, பத்திரத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும். பிறகு அவள் அதை விற்கலாம், வாடகைக்கு விடலாம், தன் மகளுக்கு எழுதலாம், பிரியம் மேலிட்டால் எனக்கே திருப்பியும் தரலாம். அப்படித் தந்தால் அது அவளுடைய தானம்; நான் தலை குனிந்து வாங்கிக்கொள்வேன், அல்லது வேண்டாம் என்பேன். தராவிட்டாலும் பொங்கலுக்கு அவள் வரும்போது என் வீட்டு வாசற்படியில் நின்று “வரலாமா?” என்று கேட்க வேண்டியிராது.

மகளுக்கும் மகனுக்கும் சமமாக எழுதிய தாளை வைத்துக்கொண்டே ஒன்றரை நூற்றாண்டாக நாம் மகளைக் கொடைவள்ளி ஆக்கி வந்திருக்கிறோம். கொடுப்பதற்கு முன் அது அவள் கையில் ஒரு நாளாவது இருந்ததா என்று பார்க்கவில்லை. முதலில் அது அவள் கைக்கு வரட்டும். விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்பதை அதன் பிறகு அவள் தீர்மானிக்கட்டும். அப்போது அவள் எழுதுகிற பத்திரம் எதுவானாலும், அதற்கு விடுதலை என்று பெயர் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.